எனத் தகவல்

கண்ணாடிக் கடைக்குக் காலையில் போவதுதான் நல்லது. மதியத்துக்கு மேல் கண் களைத்துவிடும். எழுத்துப் பலகையின் கடைசி வரிசையை ஊகித்துப் படித்துவிடுவோம்; அவர்களும் பவரைத் தப்பாகக் குறித்துவிடுவார்கள். அதனால் பெரியம்மாவை நான் பத்தரை மணிக்கே அழைத்துப் போய்விட்டேன். கண் பார்க்கிறவரிடம் அவர் என்னைக் காட்டி, "நான் பெத்தது வரல. பெறாதது கூட்டிட்டு வந்திருக்கு. நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார். கிட்டப் படிக்கும் கண்ணாடி வேண்டாம், தூரப் பார்வைக்குத்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். எட்டடி என்றேன். பெரியம்மாவின் நாற்காலியிலிருந்து டிவி வரைக்கும் முந்தைய வாரமே அளந்து வைத்திருந்தேன்.

பெரியம்மா என்று நான் சொல்வது எங்கள் செய்தி ஆசிரியரின் தாயாரை. எனக்கு உறவு எதுவும் இல்லை. அவர் இறந்து இன்று நான்காவது நாள். அதைப் பற்றித்தான் நீங்கள் கேட்டீர்கள், மேடம். வாயால் சொன்னால் எனக்கு முன்னும் பின்னும் மாறிவிடும், எழுதித் தருகிறேன் என்றேன். காகிதம் தந்ததற்கு நன்றி.

எழுதும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வருடமாக மாலை வகுப்பில் செய்தி எழுதப் படிக்கிறேன். நாட்குறிப்பின் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பார்த்தது, கேட்டது, ஊகித்தது. ஒன்றை இன்னொன்றின் கட்டத்தில் எழுதக் கூடாது. வகுப்பில் மற்றவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. என் நினைவின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. பூட்டிய கதவை மூன்று முறை திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இங்கேயும் எது எந்தக் கட்டம் என்று முடிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

தொலைக்காட்சியில் என் வேலை ஸ்க்ரோல் அடிப்பது. திரையின் அடியில் ஓடிக்கொண்டே இருக்குமே, அந்த வரி. அதை ஒரு ஆள் உட்கார்ந்து எழுதுகிறார் என்று யாரும் நினைப்பதில்லை. குழாயில் தண்ணீர் வருவது போல அதுவாக வருகிறது என்று இருந்துவிடுகிறார்கள். ஒரு நாற்காலி, ஒரு கணினி, எதிரே சுவரில் ஒன்பது சேனல்கள். எனக்கு எழுத்துப் பிழை வராது. எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்று எல்லோரையும் திருத்திக்கொண்டே இருந்ததால் எனக்கு 'ஒற்று' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். செய்தி ஆசிரியர் ஒருநாள், "ஒற்றுன்னா உளவுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு, தெரியும்ல? யாரும்மா உன்னை அனுப்பினது, எதிர் சேனலா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவருக்கும் ஒரு பெயர் உண்டு. சூடு. எந்தச் செய்தியைக் கொண்டுபோனாலும் "சூடு பத்தலையே" என்பார். பஸ் கவிழ்ந்து ஆறு பேர் இறந்தார்கள் என்றால், "ஆறுல குழந்தை உண்டா?" என்பார். இல்லை என்றால் முகம் சுருங்கிவிடும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விடுப்பு கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார். மாலை வகுப்புக்கு நேரமாகிறது என்றால், "ஓடு ஓடு, படிக்கிற புள்ளையை நான் நிறுத்தினேன்னு பேர் வேண்டாம்" என்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஐந்து மாடிக் கடைக் கட்டடம் இடிந்து விழுந்தது. என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அன்று அவனுக்கு அந்தக் கட்டடத்தில்தான் வேலை. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மா வீட்டில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். பேச்சுத் துணைக்கு டிவி ஓடிக்கொண்டிருக்கும். நான் அப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். செய்தி தெரிந்ததும் அண்ணனுக்குப் பதினாறு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. வேறு சில இடங்களுக்கும் செய்தேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு, எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த சேனலில் ஒரு வரி வந்தது. "கட்டட விபத்து: லிஃப்ட் மெக்கானிக் உட்பட ஒன்பது பேர் பலி எனத் தகவல்." பெயர் போடவில்லை. தேவையும் இல்லை. ஒரு கட்டடத்தில் எத்தனை லிஃப்ட் மெக்கானிக் இருப்பார்கள்?

அண்ணன் உயிரோடு இருந்தான். லிஃப்டுக்கு ஒரு சாமான் வாங்க இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தான். போனைக் கருவிப் பையோடு உள்ளேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். திரும்பி வந்தபோது கட்டடம் இல்லை. இடிபாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர்களோடு சேர்ந்து அவனும் புரட்டினான். வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லையா என்று பிறகு அவனைக் கேட்டேன். "நான்தான் உயிரோட இருக்கேனே, இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு, குட்டி?" என்றான்.

நாலு மணிக்கு அவன் வீட்டுக்கு வந்தபோது அம்மா தையல் மெஷின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தாள். ஊசி துணிக்குள் இறங்கி நின்றிருந்தது. டிவியில் அந்த வரி இல்லை. ஒன்றரை மணிக்கே எடுத்துவிட்டார்கள். தவறு என்று ஒரு வரி போடவில்லை. சும்மா எடுத்துவிட்டார்கள். அம்மா அதைப் பார்த்தாள் என்பது ஊகித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கா, அம்மா எழுத்துக் கூட்டி "மெக்...கா...னிக்" என்று உரக்கப் படித்ததைக் கேட்டதாகச் சொன்னாள். அம்மாவுக்கு அப்படித்தான் படிக்க வரும். இது கேட்டது. மருத்துவர், "ஹார்ட்தான். என்னைக்கு வேணாலும் நடந்திருக்கும்" என்றார். அதையும் கேட்டது என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்தது நானே பார்த்தது. ஐந்தரை மணிக்கு அந்தச் சேனலின் வண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. இறந்தவர் வீட்டில் அழுகையைப் படம் பிடிக்க வந்திருக்கிறார்கள். நிருபர் உள்ளே எட்டிப் பார்த்தார். தரையில் அம்மா. சுவரோரம் தலையெல்லாம் தூசியோடு அண்ணன். போனில், "சார், செத்தவன் வந்துட்டான் சார். அவங்க அம்மா போயிட்டாங்க" என்றார். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். நிருபர் போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தம்பி, மனசைத் தேத்திக்கங்க. நீங்க உள்ள வந்தீங்க பாருங்க, அந்த நிமிஷம்தான் கதையே. கேமரா இல்லாமப் போச்சு. இன்னொரு வாட்டி வெளிய போய் உள்ள வாங்க. மூஞ்சியைத் துடைச்சுடாதீங்க, அந்தத் தூசி இருக்கட்டும்."

அண்ணன் போனான். ஏன் போனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாராவது எதையாவது செய்யச் சொன்னால் போதும் என்று இருந்திருக்கலாம். வெளியே போய்ச் செருப்பைப் போட்டான், கழற்றினான், உள்ளே வந்தான். "அம்மான்னு கூப்பிடச் சொல்லு" என்றது போன். கூப்பிட்டான். நிருபருக்குப் போதுமாக இருந்தது. போனுக்குப் போதவில்லை. "சூடு பத்தலை. இன்னொண்ணு எடு."

என் அண்ணன் மூன்று முறை உள்ளே வந்தான்.

அன்று எட்டு மணிக்கு அரைமணி நேர நிகழ்ச்சியாகப் போட்டார்கள். 'பிழைத்த மகன், பிரிந்த தாய்'. பின்னால் வயலின். அண்ணன் வாசலில் நுழைவதை மெதுவாக்கி ஐந்து முறை காட்டினார்கள். மகனுக்கு என்ன ஆனதோ என்ற கவலையில் தாய் உயிரை விட்டார் என்றார்கள். அவர்கள் ஓடவிட்ட வரியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்தக் குரல் யாருடையது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்தக் குரலுக்குக் கீழே வேலைக்குச் சேர ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. தட்டச்சு கற்றுக்கொண்டேன், மாலை வகுப்பில் சேர்ந்தேன். வேலை கிடைத்ததைச் சொன்னபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அங்கயேவா?"

"அங்கதான் ஆள் எடுத்தாங்க."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "குட்டி, எனக்கு அவங்க மேல கோபம் இல்ல. அவங்களை நெனைக்கிற நேரத்துக்கு அம்மாவை நெனைச்சுட்டுப் போறேன். நீயும் விடு."

அவனுக்குக் கோபம் வராததால் அவன் பங்கையும் நானே பட வேண்டியிருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஆசிரியர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "ஒரு விபத்து. ஆள் செத்தாச்சா இல்லையான்னு தெரியல. என்ன போடுவ?"

"தெரியற வரைக்கும் போட மாட்டேன் சார்."

"அதுக்குள்ள அந்த ஒன்பது பேரும் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பான். பலின்னு போடு. பின்னாலயே எனத் தகவல்னு போடு. மழைக்குக் குடை மாதிரி. நாம நனைய மாட்டோம்."

"தப்பாப் போச்சுன்னா சார்?"

"தகவல்தானே தப்பு? நாம தப்பில்லையே."

எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு வரியையும் பொறுப்பாளர் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் திரைக்கு அனுப்ப முடியும். 'எனத் தகவல்' என்று முடிகிற வரிக்கு மட்டும் அது தேவையில்லை. ஆசிரியர் வைத்த விதி. "குடை இருக்கும்போது யாரைக் கேக்கணும்? தட்டிவிடு" என்பார். அன்று நாட்குறிப்பில் அந்தச் சொல்லை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். யாரும் பார்க்கவில்லை. யாரும் கேட்கவில்லை. ஊகித்ததாகவும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஓரத்தில் எழுதினேன்.

பெரியம்மாவிடம் என்னை அனுப்பியதும் ஆசிரியர்தான். நான் தேடிப் போகவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். "உன் வகுப்புக்குப் போற வழிதான். புதன்கிழமை புதன்கிழமை இந்த மாத்திரையை அம்மாகிட்ட குடுத்துட்டுப் போயிடுறியா?" என்றார். பிறகு என்னைத் திரும்பக் கூப்பிட்டு, "அம்மாகிட்ட சாவு கீவுன்னு எதுவும் பேசிடாத. ஹார்ட் தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றார். நாளெல்லாம் அவர் சேனலையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவைப் பற்றி.

பெரியம்மா முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். மூன்றாவது மாடி வீடு. தனியாக இருந்தார். கதவைத் திறந்ததும், "வந்துட்டியா? உட்காரு. மாத்திரையைக் குடுத்துட்டு ஓடுறதுக்கு நீ என்ன கூரியரா?" என்பார். டீ போட்டுத் தருவார். அவருடைய வேலைக் கதைகளை நான் கேட்டது என்ற கட்டத்தில் ஏழெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

"இந்த ஊர்ல யார் செத்தாலும் எனக்குத்தான் முதல்ல தெரியும். பொண்டாட்டிக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். ஆனா வாயைத் திறந்ததில்ல. லைனைக் குடுக்கணும், காதை எடுத்துக்கணும். அவ்வளவுதான் வேலை. எம் பையனும் என்னை மாதிரிதான் வேலை பாக்கறான், என்ன, காதை எடுத்துக்க மாட்டேங்கறான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

அவருக்கு டிவியில் படம் மட்டும்தான் தெளிவாகத் தெரியும். கீழே ஓடும் வரி மங்கலான கோடாகத்தான் தெரிந்தது. கண்ணாடியில் பழைய பவர். அதைத்தான் நான் மாற்றிக் கொடுத்தேன். புதுக் கண்ணாடி போட்ட அன்று, "அடேயப்பா, இவ்வளவு சின்ன எழுத்தையா நீ அடிக்கிற?" என்று வியந்தார். மேலே பேசுகிறவர்கள் சொல்வதற்கு முன்பே கீழே வந்துவிடும் பெரியம்மா, அதுதான் முதல் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் அதைத்தான் படித்தார். தவறு கண்டுபிடித்தால் என் கைபேசிக்கே கூப்பிடுவார். "என்னடி, நீ என்னமோ பெரிய புலின்னு நெனைச்சேன். 'கோரி போராட்டம்'னு ஓடுது. நடுவுல ஒரு 'ப்' எங்க போச்சு, அதுவும் போராட்டத்துக்குப் போயிடுச்சா?" அது நான் அடித்த வரி இல்லை, அடுத்த ஷிஃப்ட் ஆள் அடித்தது. ஆனால் நான் எதிர்த்துப் பேசவில்லை. அவரை எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆனபோது பழைய வரிகளைத் தேடிப் பார்க்கும் அனுமதி எனக்குக் கிடைத்தது. எங்கள் கணினி எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறது: வரி, நேரம், அடித்தவர், ஆதாரம். கட்டடம் இடிந்த நாளைத் தேடினேன். பன்னிரண்டு ஐம்பது. "லிஃப்ட் மெக்கானிக் உட்பட ஒன்பது பேர் பலி எனத் தகவல்." ஆதாரம் என்ற இடத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. "தொலைபேசி, தங்கை."

இதை நீங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். அன்று கடை டிவியில் அதே சேனலில் ஒரு எண் காட்டினார்கள், விவரம் தெரிந்தவர்கள் அழைக்கலாம் என்று. அழைத்தேன். என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக், உள்ளே இருந்தான், போன் எடுக்கவில்லை, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். எதிரில் இருந்த பெண், "இறந்துட்டதா சொல்றாங்களா?" என்றாள். கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்த யாரோ, உள்ளே இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லையாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான், "அப்படித்தான் பேசிக்கிறாங்க" என்றேன். "சரிங்க" என்று விலாசத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வைத்துவிட்டாள்.

இதை நான் நியாயமாக யோசித்துப் பார்த்தேன். நான் கேட்டது கேள்வி. அவர்கள் ஓடவிட்டது பதில். கேள்வி கேட்டவள் மேல் குற்றம் இல்லை. அன்றைய பக்கத்தில் 'பார்த்தது' என்ற கட்டத்தில் அந்த இரண்டு சொற்களையும் எழுதினேன். பக்கத்தைக் கிழிக்கவில்லை. அடுத்த பக்கத்தோடு சேர்த்துப் பின் அடித்து மூடினேன். அதுவரைக்கும் ஆசிரியரை என்ன செய்வது என்பதில் எனக்குத் தெளிவு இருக்கவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட ஒன்றிரண்டு முறை தோன்றியதுண்டு. அதற்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை. அடுத்த புதன்கிழமை அளக்கும் டேப் எடுத்துப் போனேன்.

வியாழக்கிழமை நடந்தது இது. ஆசிரியர் காலை எட்டு மணிக்கு அலுவலகக் காரில் வெளியூர் கிளம்பினார். முதலாளிகள் கூட்டம். பதினொன்று பத்துக்கு டெஸ்க் போன் அடித்தது. நான் எடுத்தேன். "நான் வந்து சேந்துட்டேன்மா. பொறுப்பாளர்கிட்ட சொல்லிடு. ஒரு மணி வரைக்கும் போனை வெளியவே வாங்கி வச்சுக்கிறாங்க." சரி சார் என்றேன். பொறுப்பாளரிடம் சொல்லவில்லை. அப்போது விபத்து நடந்திருக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை. மறந்திருக்கலாம். அதை ஊகித்தது என்ற கட்டத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பதினொன்று இருபத்தைந்துக்கு, அவர் போன நெடுஞ்சாலையில் டேங்கர் லாரி ஒன்று கவிழ்ந்து வண்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக மோதின. எதிர்ச் சுவரில் ஒன்பது சேனல்களிலும் கருகிய கார் ஒன்றைக் காட்டினார்கள். கார் எந்த நிறம் என்று சொல்ல முடியாத அளவுக்குக் கருகியிருந்தது. நான் பத்து நிமிடம் பொறுத்தேன். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அடித்தேன். "நெடுஞ்சாலை விபத்து: நமது தொலைக்காட்சியின் செய்தி ஆசிரியர் பலி எனத் தகவல்." ஒற்று சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தேன். ஆதாரம் என்ற இடத்தில் தொலைபேசி என்று போட்டேன். தட்டிவிட்டேன். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பொறுப்பாளர் அக்கா ஓடி வந்தார். "ஒற்று, யாருடி சொன்னது?"

"போன்ல வந்துச்சுக்கா."

அவர் ஆசிரியரின் எண்ணுக்கு அடித்தார். அணைந்திருந்தது. கூடப் போன டிரைவருக்கு அடித்தார். அவர் எடுக்கவில்லை. காரிலேயே தூங்கிக்கொண்டிருந்தாராம், இது நீங்கள் சொல்லித்தான் தெரியும். அக்கா என் மேஜை முனையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து அழுதார். உண்மையாகவே அழுதார். அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "போட்டோ எடுங்க. சிரிக்கிற போட்டோ வேண்டாம். இல்ல, இருங்க, சிரிக்கிறதையே போடுங்க. சார் இருந்திருந்தா அதைத்தான் கேட்டிருப்பார்." எடிட்டிங் அறையிலிருந்து வயலின் கேட்டது. மூன்று வயலின்களைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். "அம்மா வீட்டுக்கு வண்டியை அனுப்புங்க. அவங்களுக்குத் தெரியறதுக்குள்ள போகணும்" என்றார் அக்கா. யாரும் அது என்ன பேச்சு என்று கேட்கவில்லை. அங்கே அது வழக்கமான பேச்சு.

டிரைவர் விழித்துத் திரும்பக் கூப்பிடும் வரை, வரி முப்பத்தெட்டு நிமிடம் ஓடியது. எங்கள் வண்டி மூன்றாவது மாடிக்குப் போனபோது கதவு திறந்துதான் இருந்தது. கேமராவை ஓடவிட்டபடியே உள்ளே போனார்களாம். பெரியம்மா போன் வைத்திருக்கும் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாராம். கண்ணாடி முகத்திலேயே இருந்ததாம். இதெல்லாம் கேட்டது. அந்தக் காட்சியை அவர்கள் ஒளிபரப்பவில்லை. இத்தனை வருடத்தில் அவர்கள் எடுத்துவிட்டு ஒளிபரப்பாத காட்சி அது ஒன்றுதான் என்று அக்கா சொன்னார்.

ஆசிரியர் நாலரை மணிக்கு வந்தார். அவர் வீட்டுக்குள் நுழையும்போது யாராவது அவரை இன்னொரு முறை வெளியே போய் வரச் சொல்வார்கள் என்று நான் மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் ஒரே முறைதான் உள்ளே போனார். முதல் நாள் உங்களிடம், "அந்தப் பொண்ணு தப்பு பண்ணியிருக்காது, யாரோ தப்பாத் தகவல் குடுத்திருப்பாங்க" என்று சொன்னாராமே. அண்ணனும் என்னைப் பார்க்க இன்னும் ஸ்டேஷனுக்கு வரவில்லை. நேற்று பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறான். உள்ளே போகாமல் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறான். என்ன நினைத்துக்கொண்டு நின்றான் என்று எனக்குத் தெரியாது. அவனுக்குக் கோபம் வந்திருக்கலாம்.

நீங்கள் காலையிலிருந்து ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பதினொன்று நாற்பத்தேழுக்குப் பெரியம்மாவின் வீட்டு போனிலிருந்து என் கைபேசிக்கு நாற்பத்தைந்து வினாடி வந்த அழைப்பில் என்ன பேசினோம் என்று. அதற்கு வருகிறேன்.

அவர் மூச்சு வாங்கப் பேசினார். ஆனால் அலறவில்லை. "ஏம்மா, கீழ என்னமோ ஓடுதே. நான் சரியாத்தான் படிக்கிறேனா?"

நான் பேசவில்லை.

"தம்பி போன் போகல. டிரைவரும் எடுக்கல. நீ அங்கதானே உக்காந்திருக்க? யாராவது நேர்ல பாத்தாங்களா, இல்ல சும்மா சொல்றாங்களா? நீ சொல்லு. நீ சொன்னா நான் நம்பறேன்."

இல்லை பெரியம்மா, அவர் பத்திரமாக இருக்கிறார், அரைமணி நேரத்துக்கு முன் என்னிடம்தான் பேசினார் என்று சொல்ல ஐந்து வினாடி போதும். பிறகு நானே சொல்லிப் பார்த்தேன். நான்கு வினாடிதான் ஆகிறது.

"தகவல் அப்படித்தான் வந்திருக்கு பெரியம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் எங்கள் சேனலின் சத்தம் கேட்டது. பிறகு, "சரிம்மா" என்றார். பிறகு, "நீ அழாத" என்றார். நான் அழுதுகொண்டிருக்கவில்லை. அவருக்கு அப்படிக் கேட்டிருக்கிறது. ரிசீவரை மெதுவாக, சரியாக வைத்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

ஆம், மேடம். பெரியம்மாவைக் கொன்றது நான்தான். அவர் மகனைப் பழிவாங்கக் கொன்றேன். யோசித்துத்தான் செய்தேன், யார் தூண்டுதலும் இல்லை. இதில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இந்த நான்கு நாளில் எத்தனையோ கேட்டீர்கள். என் அம்மாவைக் கொன்றது யார் என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு நன்றி.